நூல் சிக்காத கேமரா

குழந்தைவேல் நாற்காலி மேல் ஏறி ஒரு டியூப்லைட் மாட்டி நான் பார்த்ததில்லை. இருபத்தேழு வருஷமாக வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற மனுஷர். மண்டபத்து மாடியில் நின்று கூட்டத்தை எடுக்க வேண்டுமென்றால் அவருடைய கூட்டாளி நவீன்குமார்தான் ஏற வேண்டும். டிரோன் வந்த பிறகு மற்ற வீடியோக்காரர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைப் பறக்கவிட்டார்கள். இவர் மட்டும் ரிமோட்டை நவீனிடம் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு அடியில் போய் நின்றுகொள்வார். திரையில் தரை கீழே போவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் ஆகாயத்திலிருந்து குதிக்கிற மகள் பிறந்தாள். ஆண்டவனுக்கும் பொழுது போக வேண்டும் அல்லவா.

என் பெயர் அப்துல் ஹலீம். வில்லியனூர் மெயின் ரோட்டில் கேமராவும் செல்போனும் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். குழந்தைவேலின் கேமராக்களில் என் ஸ்குரூடிரைவர் படாதது ஒன்றும் கிடையாது. அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதே அளவுக்குக் கோபமும் உண்டு. அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி ஒரு விஷயத்தை நிரூபித்துக் காட்டினால், "அது சரி பாய், ஆனா..." என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பயந்தே பல விஷயங்களில் நான் அவரிடம் தோற்றுப்போயிருக்கிறேன்.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் ஒரு குறை சொல்ல முடியாது. அதிலும் தாலி கட்டுகிற நேரம். அதற்குக் கால் மணி முன்னாலேயே போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவார். செல்லிப்பட்டில் ஒரு கல்யாணத்தில் காற்றடித்துப் பந்தலின் ஒரு மூலை சரிந்தது. ஜனம் எழுந்து ஓடியது. மாப்பிள்ளையே பாதி எழுந்துவிட்டான். இவர் கேமராவை இறக்கவில்லை. "குந்துப்பா, ரெண்டு முடிச்சு பாக்கி இருக்குது" என்று அதட்டி உட்கார வைத்து எடுத்தார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு தாலியைக்கூடத் தவறவிட்டதில்லை என்பதுதான் அவர் வாயால் சொல்லிக்கொள்கிற ஒரே பெருமை. முகூர்த்த நேரத்தில் அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. ஊருக்கே தெரியும். மகளுக்கும் தெரியும்.

மகள் ஜெயசுதா. குழந்தைவேலின் மனைவி ஆண்டாளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அந்த வழியில் ஆண்டாளுக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. இருபத்தொரு வயதில் ஜெயா விமானம் ஏறினாள். தெற்குப் பிரான்சில் ஓர் ஊரில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அப்பன் மனுஷனை வெளியே படம் எடுக்கிறான், மகள் உள்ளே எடுக்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன். குழந்தைவேல் அதை எல்லாக் கல்யாணத்திலும் தன் நகைச்சுவை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அங்கே போய் ஒரு பிறந்தநாளுக்கு, தோழிகள் உசுப்பிவிட, ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்திருக்கிறாள். அதோடு விட்டாளா? படித்து, பரீட்சை எழுதி, தனியாகக் குதித்து, இருநூறு தடவையும் தாண்டிய பிறகு விங்சூட்டுக்கு வந்து சேர்ந்தாள். விங்சூட் என்றால் என்ன என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி, இரண்டு காலுக்கும் நடுவே துணி. குதித்ததும் அந்தத் துணிக்குள் காற்று நிறைந்து ஆளைத் தாங்குகிறது. கல் மாதிரி விழாமல் வௌவால் மாதிரி முன்னால் போகலாம். இரண்டு, இரண்டரை நிமிஷம். அப்புறம் பாராசூட்டை விரித்து இறங்க வேண்டும். பேர்தான் பறப்பது, நடப்பது என்னவோ விழுவதுதான். இதை நான் குழந்தைவேலிடம் சொல்லவில்லை.

ஜெயா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஆண்டாள் அந்த ரகசியத்தை இரண்டு வருஷம் வயிற்றில் வைத்திருந்தார். ஜெயாவையே பத்து மாதம்தான் சுமந்தார். கடைசியில் பாகூரில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் போனை நீட்டி, "இன்னா வேலு, உம் பொண்ணு வவ்வா மாதிரி பறக்குதே, பாத்தியா?" என்று கேட்டுவிட்டார். குழந்தைவேல் பார்த்தார். வரவேற்பை ஒழுங்காக எடுத்து முடித்தார். வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"இத வுட்டுடு."

"முடியாதுப்பா."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெயா மட்டும் விடவில்லை. சனி, ஞாயிறுகளில் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு இரண்டு செய்தி வரும். 'குதிக்கப் போறேன்பா.' பிறகு, 'எறங்கிட்டேன்பா.' இவர் பார்ப்பார், நீலக் குறி விழும், பதில் போகாது. ஆனால் முதல் செய்திக்கும் இரண்டாவது செய்திக்கும் நடுவே அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு ஆண்டாள் உட்கார்ந்திருப்பார். "பசிக்கல" என்பார் இவர். அந்த இரண்டாவது செய்தி வந்ததும், அப்போதுதான் பசி வந்த மாதிரி இலேசாக இருமிவிட்டுத் தட்டை இழுத்துக்கொள்வார். சனி ஞாயிறுகளில் அவருடைய சாப்பாட்டு நேரம் பிரான்சின் கையில் இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் மூன்றாவது செய்தி ஒன்று வந்தது. 'அப்பா, ஹெல்மெட்ல மாட்டறதுக்கு ஒரு கேமரா வாங்கணும். எது வாங்கட்டும்?'

மறுநாள் காலை நான் கடை திறக்கும் முன்பே ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா வேலு, கேமரா தண்ணியில வுழுந்துட்டுதா?"

"எம் பொண்ணு கேமரா கேக்குது பாய்."

"பேசிட்டியா?"

"பேசல. அது கேக்குது, அவ்ளோதான். தப்பா எதையாவது வாங்கிட்டா இன்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எட்டு மாதம் அழுது, கெஞ்சி, அம்மாவைத் தூதுவிட்டு நடக்காததை, எது வாங்கட்டும் என்ற ஒரு கேள்வியால் சாதித்துவிட்டாள். குழந்தைவேலிடம் உயிரைக் கேட்டால் யோசிப்பார். எந்தக் கேமரா நல்லது என்று கேட்டால் வழியில் போகிறவனுக்கும் ஒரு மணி நேரம் நின்று பதில் சொல்வார்.

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் முதல் குரல் செய்தி அனுப்பினார். "நான் உங்கிட்ட பேசல. கேமராவப் பத்திப் பேசறேன். எவ்ளோ நேரம் ஓடணும்? எங்க மாட்டணும்? யாரு ஆன் பண்றது?"

பத்து நிமிஷத்தில் ஜெயாவின் குரல் வந்தது. "சரிப்பா. நீ கேமராகிட்டயே பேசு, நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன்." பிறகு விவரம் சொன்னாள். நான்கு பேர் சேர்ந்து வரிசை கட்டிப் பறக்கிற ஒரு குழு. அவர்கள் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் கூடவே பறந்து படம் எடுக்க ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும். நடுவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். ஐப்பசியில் ஒரு சோதனைப் பறப்பு. படம் நன்றாக வந்தால் அந்த இடம் ஜெயாவுக்கு. "அவுங்க தெளிவான படம் கேக்கறாங்கப்பா. உங்கிட்ட இருக்கற மாதிரி பெரிய கேமராவே மாட்டிடலாமான்னு பாக்கறேன்."

குழந்தைவேலுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கல்யாணக்காரர் புத்தி அல்லவா? பெரிய லென்ஸ், பெரிய படம். தன்னுடைய கேமராவையே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். அவள் குதிக்கிற நாலு கிலோமீட்டர் உயரத்துக்கு வில்லியனூரில் எங்கே போவது? பைக்கில் போனார். ஹெல்மெட் தலையில் கேமராவை நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒதியம்பட்டு ரோட்டில் ஏறிவிட்டார். எங்கள் ஊரில் ஹெல்மெட் போடாதவனைப் போலீஸ் நிறுத்துவதே அபூர்வம். போட்டவனை நிறுத்தி விசாரித்தது அன்றைக்கு ஒருநாள்தான் நடந்திருக்கும். "எம் பொண்ணு பறக்கறதுக்கு டெஸ்ட் பண்றேன் சார்" என்று இவர் சொன்ன பதிலைக் கேட்டு அந்தக் காவலர் வாயை ஊதச் சொன்னாராம்.

பாராசூட் விரியும்போது உடம்பை ஒரு வெட்டு வெட்டும் என்று ஜெயா சொல்லியிருந்தாள். அதற்கும் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒதியம்பட்டுத் திருப்பத்துக்கு அப்பால் வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை உண்டு. வேண்டுமென்றே அதன்மேல் வேகமாக ஏற்றினார். கேமரா முன்னால் போயிற்று, தலையும் கூடப் போயிற்று. மூன்று நாள் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு நடந்தார்.

பட்டையோடு வந்து உட்கார்ந்து மகளுக்குச் சொன்னார்: "பெருசு வேணாம். கழுத்து போயிடும். படம் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவாயில்ல, சின்னதுதான்."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியும்."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் என் கடை ஒரு பரிசோதனைச் சாலை ஆகிவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஆக்‌ஷன் கேமராக்களில் மூன்று வகையை வரவழைத்தோம். மேலே குளிர் அதிகம் என்பதால் எதிர்க்கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மூன்றையும் ஓடவிட்டு அரை மணி நேரம் வைத்தார். ஒன்று பத்தாவது நிமிஷத்திலேயே பேட்டரி தீர்ந்து கண்ணை மூடிவிட்டது. விமானத்துக்குள் காத்திருக்கும்போது வெயில் அடிக்குமே என்று மிச்சம் இரண்டையும் தகரக் கூரைமேல் வைத்தார். வைத்தது நான், அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அதில் ஒன்று சூடு தாங்காமல் நின்றுவிட்டது. கடைசியில் தேறியது ஒன்று. அதற்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது: ஒரே அமுக்கு. அமுக்கியதும் தானே விழித்துக்கொண்டு படம் பிடிக்க ஆரம்பிக்கும். பின்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடலாம். "கதவுகிட்ட நிக்கறப்ப அது கேமராவையே யோசிச்சிக்கினு இருக்கக் கூடாது பாய். மாட்டிக்கினு இருக்கறதே மறந்துடணும். அதான் நல்ல கேமரா" என்றார். நான் எத்தனையோ கேமராக் கம்பெனிக்காரர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆனால் அவரை உண்மையில் உலுக்கிப்போட்டது வேறொன்று. ஹெல்மெட்டில் எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று ஜெயா சொன்னாள். பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் மெல்லிசு மெல்லிசாக, தலையை உரசிக்கொண்டு மேலே போகும். அதில் ஒன்று கேமராவின் இடுக்கில் சிக்கினாலும் பாராசூட் ஒழுங்காக விரியாது. "அப்படித்தாம்பா நெறைய பேரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அன்று குழந்தைவேல் டீகூடக் குடிக்கவில்லை. மறுநாள் மீன்வலை பின்னுகிற நைலான் நூல்கண்டு ஒன்றோடு வந்தார். கேமரா மாட்டிய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நூலை முன்னாலிருந்து, பின்னாலிருந்து, குறுக்காக, கீழிருந்து மேலாக என்று எல்லாப் பக்கமும் போட்டு இழுத்தார். கேமராவின் அடியில் சிக்கியது. கொக்கியில் சிக்கியது. ஒவ்வொரு தடவை சிக்கும்போதும் அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு வேலை இருக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

காட்டேரிக்குப்பத்தில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கிற பட்டறை வைத்திருக்கிற அன்புராஜைப் பிடித்தார். கேமராவுக்கு அடியில் வைக்க, நாலு பக்கமும் சரிவாக இறங்குகிற ஒரு பேஸ் செய்யச் சொன்னார். கவிழ்த்த கிண்ணம் மாதிரி, உள்ளே வெற்றிடமாக, விளிம்பு ஹெல்மெட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். அன்புராஜ் ஒன்பது தடவை செய்தார். எட்டில் நூல் சிக்கியது. ஒன்பதாவதில் குழந்தைவேல் நூறு தடவை இழுத்தார், நான் நூறு தடவை இழுத்தேன், கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்களும் ஆளுக்குப் பத்துத் தடவை இழுத்தார்கள். நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. குழந்தைவேல் அந்தப் பேஸைத் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆண்டாளின் உறவுக்காரர் ஒருவர் பிரான்சுக்குக் கிளம்பினார். அவர் கையில் கொடுத்தனுப்ப ஏற்பாடு. பூஜையன்று வழக்கம்போல எல்லாக் கேமராவும் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்தன, ஜெயாவின் புதுக் கேமராவும் சேர்ந்து. சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல். லென்ஸில் பொட்டு வைத்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் ஒவ்வொரு வருஷமும் மூடிமேல் தானே பொட்டு வைப்பார் குழந்தைவேல். எனக்குப் பொரி பொட்டலம் வந்தது. பார்சல் போயிற்று. பத்து நாளில் ஜெயா ஹெல்மெட்டில் மாட்டிப் படம் அனுப்பினாள். அப்பா சொன்னபடி நூல் போட்டு இழுத்துப் பார்த்ததாகவும் எங்கும் சிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். மாட்டிக்கொண்டு நாலு தடவை பழகிப் பறந்தும் விட்டாள். இவரும் குரல் செய்தியில் பதில் சொன்னார். ஆனால் எல்லாம் கேமராவைப் பற்றி. 'குதிக்கப் போறேன்பா' என்ற செய்திக்கு மட்டும் அப்போதும் பதில் கிடையாது.

சோதனைப் பறப்பு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் விமானம் அங்கே காலை ஒன்பதுக்கு, நமக்குப் பன்னிரண்டரை. அதே நாளில் வில்லியனூர் மண்டபத்தில் பாகூர் கரும்பு விவசாயி பச்சையப்பனின் மகள் செல்வகுமாரிக்குக் கல்யாணம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். வீடியோ குழந்தைவேல். எனக்கும் ஆண்டாளுக்கும் பத்திரிகை வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

மணி பதினொன்று இருக்கும். மாப்பிள்ளை தாலியை வாங்கினார். நவீன் மாடியிலிருந்து கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தான். குழந்தைவேல் மணமேடையில் ஒரு முழ தூரத்தில் முழங்காலிட்டு, தாலி ஏறும் கழுத்தை மட்டும் திரை நிறைய வைத்திருந்தார். மாப்பிள்ளை குனிந்தபோது அவர் மாலையிலிருந்து ஒரு நார் பிரிந்து பெண்ணின் ஜிமிக்கியில் மாட்டியது. அவர் நிமிர்ந்தார். காது இழுபட்டுப் பெண் "ஸ்ஸ்" என்றாள். அத்தைக்காரி ஒருத்தி சட்டென்று நாரை விடுவித்தாள். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். குழந்தைவேல் ஆயிரம் தடவை பார்த்திருப்பார்.

கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினார். குழந்தைவேல் கேமராவை ஒரு நாற்காலியில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

நெஞ்சுவலி என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே ஓடினேன். செருப்புகள் குவிந்திருக்கும் வாசலில் நின்று, அணைத்து வைத்த போனை உயிர்ப்பிக்க அதன் பொத்தானை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"கயிறு கட்டிட்டேன் பாய்."

"இன்னா கயிறு?"

"கருப்புக் கயிறு. திருஷ்டிக்கு. கோயில் வாசல்ல வாங்கனது. பூஜையன்னிக்கி, பேஸுக்கு உள்ள, ஸ்குரூவச் சுத்தி மூணு சுத்து. வெளிய தெரிஞ்சா அது திட்டும்னு உள்ள சொருவிட்டேன். அறாத கயிறு பாத்து வாங்கனேன் பாய்..."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் நூல் போட்டு நூல் போட்டு இழுத்த மனுஷர். ஒரு நூலும் சிக்கக் கூடாது என்று அன்புராஜின் உயிரை எடுத்த மனுஷர். அதே கையால், அறாத கயிறாகப் பார்த்து வாங்கி, மகள் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அது புத்தி கட்டிய கயிறு இல்லை. பயம் கட்டிய கயிறு. தகப்பனாக இருக்கிற எவனும் கட்டியிருப்பான். நானாக இருந்தால் தர்காவில் மந்திரித்த கயிறாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெயாவின் போனில் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. உள்ளே மேளம் ஓய்ந்து, தாலி ஏறிவிட்டது என்று தெரிந்தது. மூன்றாவது தடவை அவர் அடிக்கும் முன் அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா! அங்க முகூர்த்தம் தானே இப்ப? நீ எப்படிப் போன்ல இருக்கே? அம்மாவுக்கு இன்னா ஆச்சி?"

"அம்மா நல்லாதான் இருக்குது. ஜெயா, ஹெல்மெட் எங்க?"

"கையில இருக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பணும். இன்னாப்பா?"

எட்டு மாதம் வாயைத் திறக்காத, வாழ்நாளில் 'ஆனா' போடாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத மனுஷர் சொன்னார்: "தப்பு பண்ணிட்டேன்டி. பேஸுக்கு உள்ள கயிறு கட்டிட்டேன். கழட்டிப் பாரு. இப்பவே பாரு."

அந்தப் பக்கம் எதையோ திருகும் சத்தம் கேட்டது. யாரோ பிரெஞ்சில் என்னவோ கேட்டார்கள். இவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

"அப்பா."

"சொல்லு."

"முடிச்சி அவுந்து கெடக்குதுப்பா. ஒரு வெரல் நீளம் அடியில வெளிய வந்திருக்குது. நான் பாக்கவே இல்ல."

குழந்தைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

"அறுத்துட்டேன்" என்றாள் ஜெயா. "எங்க எல்லார் கிட்டயும் ஒரு கத்தி இருக்கும்பா. அறுத்துட்டேன். நூல் போட்டும் பாத்துட்டேன், வழுக்கிக்கினு போவுது. அழாதப்பா."

"நான் அழல."

"சரி, அழல. முகூர்த்தத்தயே வுட்டுட்டு வந்துட்டியேப்பா." இப்போது அவள் குரல்தான் உடைந்தது. "கெளம்பக் கூப்புடறாங்க. வெச்சிடட்டுமா?"

வேண்டாம், போகாதே என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். பிறகு, கடைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்:

"பறந்துட்டு வா."

உள்ளே போனபோது அட்சதை காலில் மிதிபட்டது. பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். "இன்னா வீடியோக்காரரே, எம் பொண்ணு தாலிய எடுக்காம எங்க போயிட்டே? அதுக்குத்தான உன்னப் புடிச்சோம்?" நியாயமான கோபம். மாடியிலிருந்து நவீன் எடுத்ததில் ஐயரின் தலையும் மாப்பிள்ளையின் முதுகும்தான் இருந்தன. மல்லாக்கக் கிடந்த பெரிய கேமராவில் நாற்பது விநாடி மண்டபத்துக் கூரையும் ஒரு ஜோடனை விளக்கும், பின்னணியில் கெட்டிமேளமும் பதிவாகியிருந்தன.

குழந்தைவேல் சாக்கு சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, கயிறு கட்டியதையும் சேர்த்துச் சொன்னார். "இருவத்தேழு வருஷத்துல மொத தடவ அய்யா. மன்னிச்சிடுங்க."

பச்சையப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "உம் பொண்ணு எறங்கிட்டுதா?"

"இன்னும் இல்லங்க. பன்னண்டரைக்கு மேலதான்."

மணக்கோலத்தில் இருந்த செல்வகுமாரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "வீடியோவுல அந்தக் கூரைய வெட்டிடாதீங்கண்ணா" என்றாள். "அப்பிடியே இருக்கட்டும். அந்த அக்கா எறங்கனதும் எனக்கும் சொல்லுங்க."

ஒரு மணிக்குக் கடைசிப் பந்தி. குழந்தைவேலைப் பச்சையப்பனே கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் இந்தப் பக்கம், ஆண்டாள் அந்தப் பக்கம். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வாளி வந்தது. இலைக்கு மேல் கையை விரித்து வேண்டாம் என்றார். வத்தக்குழம்பு வந்தது, வேண்டாம். போனை இலைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார். ரசக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். எதிரே உட்கார்ந்த பச்சையப்பனும் தன் இலையைத் தொடவில்லை. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்கிற பெண்ணின் தகப்பன். "நானும் பொண்ணப் பெத்தவன்தான். வரட்டும்யா, சேந்து சாப்புடலாம்" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். ஒன்றேகால் ஆயிற்று. சோறு ஆறிப்போயிற்று. எனக்கு என் இலையில் என்ன இருந்தது என்றே நினைவில்லை.

போன் அதிர்ந்து ஒரு சாண் நகர்ந்தது.

'எறங்கிட்டேன்பா. படம் ஆடவே இல்ல. என்னையே வெச்சிக்கறாங்களாம்.'

குழந்தைவேல் அதைப் படித்தார். பச்சையப்பனிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பி, "செல்வி, எறங்கிட்டுதாம்!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். எங்கோ யாரோ கைதட்டினார்கள்.

குழந்தைவேல் போனை வாங்கி, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். பத்து மாதத்தில் 'எறங்கிட்டேன்பா'வுக்கு அவர் போடுகிற முதல் பதில். என்ன பெரிதாக எழுதுகிறாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

'சாப்டியா?'

அங்கிருந்து உடனே வந்தது.

'நீ மொதல்ல சாப்புடுப்பா. ஒவ்வொரு தடவையும் சோத்த வெச்சிக்கினு நீ குந்தியிருக்கறது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் எப்பவும் எறங்கனதும் ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம மெசேஜ் போடறேன். இன்னிக்கித்தான் படத்தப் பாத்துட்டுப் போட லேட்டாயிடுச்சி.'

குழந்தைவேல் ஆண்டாளைத் திரும்பிப் பார்த்தார். ஆண்டாள் தன் இலையில் அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தார். இவர் இலேசாக இருமினார். பிறகு ரசக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சாம்பார்லேர்ந்து ஆரம்பிப்பா" என்றார். "பசிக்குது."